ஊர் மேல் உட்கார்ந்த கல்

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்குக் கடையின் இரும்புக் கதவை ஏற்றினேன். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்தேன். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். முந்தின நாள் வந்த லென்ஸ்களை உறை பிரித்து, எது யாருடையது என்று எடுத்து வைத்தேன். எதிர்க்கடையிலிருந்து நுரைக்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், வந்தது. அப்பர் டிக்சன் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடச் சாதாரணமான காலை அமையாது. அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அதன் பிறகு நடந்ததை அன்று எழுத முடியவில்லை.

பதினொரு மணிக்கு, நான் அக்கா என்று கூப்பிடும் ஒரு வாடிக்கையாளரின் மகள் வந்தார். அக்கா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகளின் கையில் அம்மாவின் கண்ணாடியும் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் இருந்தன.

"அண்ணே, இந்த ஃப்ரேம்ல என்னோட பவர் போட்டுத் தர முடியுமா? எனக்கு சூட் ஆகுமான்னு தெரியல. ஆகாட்டியும் பரவால்ல."

"ஆகும்மா. உட்காருங்க."

அவர் டின்னை என் பக்கம் நகர்த்தினார். "இது உங்களுக்கு. அம்மா ஹாஸ்பிட்டல்ல சொன்னாங்க. மத்த கல்லெல்லாம் அந்தக் கல்லு சேர்க்கிற கிளப்புக்குக் குடுத்துடு, நீலக் கல்லு மட்டும் கண்ணாடிக் கடைத் தம்பிக்குன்னு. ஏன்னு கேட்டேன். சிரிச்சாங்க, அவ்வளவுதான்."

ஏன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவைச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மகள் பள்ளியில் தமிழுக்குப் பதில் மலாய் எடுத்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆனாலும் யாராவது படித்துக் காட்டிவிடக் கூடும்.

அக்கா முதன்முதலில் கடைக்கு வந்தது கண்ணுக்காக அல்ல. நகைக்கடைக்காரர்கள் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்களே, அந்தச் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் திருகாணி கழன்றிருந்தது. நான் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சிங்கப்பூர்தான் அக்கா."

"சிங்கப்பூர் ஒரு ஊரா? எங்க?"

"தோ பாயோ."

"எந்த லோரோங்?"

"எட்டு."

"புளோக்?"

கட்டட எண்ணைச் சொன்னேன். "ம், இப்பத் தெரிஞ்சுது" என்று பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார். என் பெயரைக் கேட்கவில்லை. கடைசிவரைக்கும் கேட்கவில்லை.

அவர் வேலை பார்த்தது ஒரு கப்பல் கம்பெனியில். எந்தச் சரக்கு எந்த நாட்டில் விளைந்தது, எங்கே செய்தது என்ற தாள்களைச் சரிபார்க்கும் பிரிவு. வேலை அவருக்கு அந்தப் புத்தியைக் கொடுத்ததா, அந்தப் புத்தி இருந்ததால் வேலை கிடைத்ததா என்று தெரியவில்லை. தேக்கா சந்தையில் அவர் மீன் வாங்குவதைக் கேட்க வேண்டும்.

"இந்தத் தெங்கிரி எங்கேர்ந்து வந்தது?"

"கடல்லேர்ந்து லா, ஆன்ட்டி!"

"எந்தக் கடல்?"

"இந்தோனேசியா."

"நேத்து மலேசியான்ன."

"ஐயோ ஆன்ட்டி, மீனு என்ன பாஸ்போர்ட்டா வச்சிருக்கு? அது நீந்திப் போவும், வரும்!"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் பதில் வரும்வரை பணத்தை எடுக்கமாட்டார்.

ஃபேரர் பார்க்கில் அவர் வீட்டுக்கு ஒருமுறை மேசை விளக்கில் உருப்பெருக்கி பொருத்தித் தரப் போனேன். கூடத்தில் தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் கற்கள். அவர் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் தொடங்கிய சேகரிப்பு. ஒவ்வொரு கல்லும் வெள்ளைத் தட்டில், ஒவ்வொரு தட்டிலும் கல்லுக்கு அடியில் ஒரு சின்னத் தாள். தாளில் கல்லின் பெயர்கூடச் சிறிய எழுத்தில்தான் இருந்தது. கிடைத்த இடம்தான் பெரிதாக. அதற்கும் ஒரு வரிசை உண்டு: சின்ன இடம் முதலில், பிறகு பெரியது. குவாரி, ஊர், மாவட்டம், மாநிலம், கடைசியில் நாடு.

"பக்கத்துல வச்சா படிக்க வசதியா இருக்குமே அக்கா" என்றேன்.

"பக்கத்துல வைக்கக் கூடாது தம்பி. கல்லு தன்னோட ஊரு மேல உட்கார்ந்திருக்கணும்."

ஒரே கல் இரண்டு இடத்தில் கிடைத்தால் அது இரண்டு கல் என்றார். கூட எது வளர்ந்தது, எந்தப் பாறையில் ஒட்டியது, எவ்வளவு பெரிதாக வளர இடம் கிடைத்தது, எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பிரேசில் ஸ்படிகத்தையும் மடகாஸ்கர் ஸ்படிகத்தையும் என் கையில் கொடுத்து வித்தியாசம் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பரவால்ல, நீங்க கண்ணுக்குத்தானே டெஸ்ட் பண்றவரு" என்று தேநீர் போடப் போனார். இடம் தெரியாத கல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டில் வைக்கமாட்டார். விற்பவர் தப்பான இடம் எழுதியிருந்தால் அவருக்கே திருத்தி எழுதி அனுப்புவார்.

செத்த பிறகு தன் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். "கடல்ல எங்கேன்னு யாரு சொல்லுவா? மண்டாய் சுடுகாட்டுல சாம்பல் வைக்கிற மாடம் ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். புளோக்கு, மாடி, நம்பர். தேடி வந்தா கண்டுபிடிக்கலாம்."

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் மூத்தவர், அருகிலேயே குடியிருந்தார். மகன் இளையவர். அவருக்கும் கற்கள்தான் தொழிலாயின. சுரங்கக் கம்பெனி ஒன்றில் நிலவியலாளராக அமெரிக்காவில் இருந்தார். மகனைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னவை இரண்டு கதைகள்.

ஒன்று, மகன் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது நடந்தது. புலாவ் உபின் தீவுக்குப் பள்ளிச் சுற்றுலா போய்விட்டு ஒரு ஊதாக் கல்லைக் கொண்டுவந்தான். பழைய குவாரியில் தானே பொறுக்கியதாகச் சொன்னான். அம்மாவின் பிறந்தநாளுக்கு. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அக்கா பூதக்கண்ணாடியில் பார்த்தார். உபினில் அப்படி ஒரு கல் விளையாது. பரிசுப் பொருள் கடைக் கல். எல்லோர் முன்னாலும் அவனை உண்மையைச் சொல்ல வைத்து, குப்பைக் குழாயைத் திறந்து அதில் போடச் சொன்னார். "எட்டு மாடியும் அடிச்சுக்கிட்டே போச்சு தம்பி. எங்களுக்கு எல்லாமே கேட்டுது." அதை முதல்முறை சொன்னபோது சிரித்தார். அதன் பிறகு பலமுறை சொன்னார். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒரு கல்லுக்கும் தப்பான இடம் சொன்னதில்லையாம். அம்மாவைவிடக் கடுமையானவனாக ஆகிவிட்டான். தான் நின்ற இடத்துக் கல்லைத் தவிர வேறு கல்லை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டான்.

இரண்டாவது, ஒரு தொலைபேசிப் பேச்சு. அங்கே ஒரு பெண்ணோடு வாழ்வதாக மகன் சொன்னார். அக்கா கேட்டார், எந்த ஊர்? அவளுடைய அப்பா எந்த ஊர்? அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள்? சண்டை போட நினைக்கவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார். எல்லோரையும் கேட்பதுபோல்தான் கேட்டாராம்.

"அம்மா, அவ கல்லு இல்லம்மா" என்று சொல்லி மகன் போனை வைத்துவிட்டார்.

அதோடு பேச்சு நின்றது. இவரும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. ஆனால் வருடம் தவறாமல் ஆகஸ்டில், அக்காவின் பிறந்தநாளுக்கு, ஒரு கல் வரும். மகன் அதை மகளின் வீட்டு முகவரிக்கு அனுப்புவார். மகள் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார். உள்ளே கடிதம் இருக்காது. கல்லும், இடம் அச்சிட்ட தாளும் மட்டும். அக்கா கல்லை அதன் தாளின் மேல் உட்கார வைப்பார். மகள் அதைப் படமெடுத்துத் தன் தம்பிக்கு அனுப்புவார். அம்மாவும் பிள்ளையும் இத்தனை வருடம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒரு வருடம் நெவாடா, ஒரு வருடம் ஐடஹோ, பிறகு ஓரிகன். மகன் எங்கே நடந்துகொண்டிருக்கிறார் என்பது அந்த அலமாரியைப் பார்த்தால் தெரியும்.

2022 ஆகஸ்டில் நீலக் கல் வந்தது. பெயர் கவன்சைட். அபூர்வமானது. உலகத்தில் அது கிடைக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அக்கா பெருமையோடு என்னிடம் சொன்னார். தாளில் இருந்தது: ஒவைஹீ அணை, மல்ஹியூர் கவுன்டி, ஓரிகன், அமெரிக்கா. உலகத்தில் முதன்முதலில் அதைக் கண்டெடுத்த இடம். அலமாரியின் முன் வரிசையில், நடுவில் வைத்தார். அப்போது அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. நீல நிறம் தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஒரு வருடமாகவே எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பித்து என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார். நான் பலகையை மாற்றியபோது மாட்டிக்கொண்டார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆயிற்று. புரை என்பது ஒரு மஞ்சள் திரை. அதை எடுத்ததும் சிறிது காலம் உலகமே வெளுத்தது போலிருக்கும். "வீட்டுச் சுவரையெல்லாம் யாரோ பெயின்ட் அடிச்சிட்டாங்க தம்பி" என்றார். நான் சிரித்தேன்.

சில வாரம் கழித்து, இதே பிஸ்கட் டின்னோடு வந்தார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பவர் பார்க்க வரல. ஒண்ணு பார்த்துச் சொல்லணும். என் கண்ணு இப்ப எதைப் பார்த்தாலும் வெள்ளைங்குது. அதான் உங்க கண்ணு வேணும்."

டின்னுக்குள் பஞ்சின் மேல் நீலக் கல் இருந்தது. அவர் நிதானமாகச் சொன்னார். "இந்தக் கல்லு ஓரிகன்ல கிடைச்சா கடுகு மாதிரி இருக்கும், பழுப்புப் பாறை மேல. இவ்வளவு பெருசா, வெள்ளைப் படிகத்து மேல பூப்பூவா வர்றது ஒரே ஊர்ல. புனே பக்கத்துல வாகோலின்னு ஒரு இடம், அங்க இருக்கிற குவாரி. கடையில விக்கிறதெல்லாம் அங்கத்துக் கல்லுதான்."

"சரி அக்கா."

"என் பையன் வாகோலிக் கல்லு மேல ஓரிகன்னு எழுத மாட்டான். செத்தாலும் எழுத மாட்டான்." அந்தச் சொல்லில் அவர் ஒரு கணம் நின்றார். "இப்பப் பாருங்க. நீலத்துக்கு அடியில என்ன நிறம்?"

என்ன கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவர் நீட்டிய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நீல முட்கள் உருண்டை உருண்டையாகப் பூத்திருந்தன. அடியில் கற்கண்டு போல் வெள்ளை. கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தேன். பழுப்பு எங்காவது ஒரு துளி இருக்காதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே வந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் ஒரு நிறத்தைப் பொய் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"வெள்ளை, அக்கா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"வெளியேயும் பார்த்தேன்."

கல்லை வாங்கிப் பஞ்சின் மேல் வைத்து டின்னை மூடினார். "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அவசரத்துல கடையில வாங்கி அனுப்பியிருக்கலாம் இல்லையா?"

"வாங்கியிருந்தா வாகோலின்னு எழுதியிருப்பான் தம்பி. இதை அனுப்பினது அவன் இல்ல." பிறகு, சரக்குத் தாள்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சொல்பவரைப் போலச் சொன்னார். "போன வருஷம் ஏப்ரல்ல நான் நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு படுத்துக் கிடந்தேன். அப்ப என் பொண்ணு ஆபீஸ் ட்ரெய்னிங்னு அமெரிக்கா போயிட்டு வந்தா. முகமெல்லாம் வீங்கி வந்தா. தூக்கம் இல்லன்னா. கல்லு ஆகஸ்ட்ல வந்துது."

மகளிடம் கேட்டுவிடுங்கள் என்றேன்.

"கேட்டா உடைஞ்சு போயிடுவா. ஒருத்தியா போய், எல்லாத்தையும் முடிச்சு, திரும்பி வந்து என் முன்னாடி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்குத் தெரியாதுன்னு அவ நினைச்சுக்கிட்டே இருக்கட்டும். நீங்களும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

எழுந்தவர் கதவருகில் நின்றார். கைப்பிடியை விடவில்லை. "எங்கேன்னு மட்டும் தெரிஞ்சா போதும் தம்பி. எரிச்சாங்களா, புதைச்சாங்களா, அதுகூட வேண்டாம். எந்த இடம்னு. வாழ்நாள் பூரா மீனைக் கேட்டேன், மாங்காயைக் கேட்டேன். இதைக் கேக்க முடியல, பாருங்க."

பூதக்கண்ணாடியை என் மேசையில் விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டார் என்று நினைத்து அடுத்தமுறை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

பிறகும் இரண்டு ஆகஸ்டில் கல் வந்தது. மகள் எதிரில் உறை பிரித்து, "பாரு, மறக்காம அனுப்பிட்டான்" என்று அக்கா சந்தோஷப்பட்டார். கற்களைப் பரிசோதிக்கவில்லை. தாள்களைத் திருத்தவும் இல்லை. நீலக் கல்லின் தாளை மாற்றவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அது அவ எழுதினது. என்ன நினைச்சு எழுதினாளோ, இருக்கட்டும்" என்றார்.

ஒரு நாள் தேக்காவில் மீன்காரர் என்னை நிறுத்தினார். "அண்ணே, அந்த ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா? வர்றாங்க, வாங்குறாங்க, போயிடுறாங்க. எந்தக் கடல்னு கேக்கிறதே இல்ல. நானே சொன்னேன், இன்னிக்கு இந்தோனேசியா ஆன்ட்டின்னு. சரிப்பான்னு போயிட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு லா."

மார்ச் 4-க்கு வருகிறேன். அந்த நீலக் கல், கற்களை அறிந்தவர்கள் கைக்குப் போனால் யாராவது ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு மகளிடம் தப்பைச் சொல்லிவிடுவார். உங்கள் அம்மா எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்றும் கேட்பார். அதனால்தான் அது என்னிடம் வந்தது. நான் ஃப்ரேமின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? அம்மா இருந்த வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. என் தம்பி உயிரோட இல்ல. மூணு வருஷம் ஆச்சு. கார் ஆக்ஸிடென்ட்."

திருப்புளியை வைத்துவிட்டேன்.

"அம்மாவுக்கு பைபாஸ் முடிஞ்சு ரெண்டாவது வாரம். டாக்டர் ஷாக்கே கூடாதுன்னாரு. அப்புறம் சொல்லலாம்னு போனேன், வந்தேன். அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல. ஆகஸ்ட் வந்துது. கல்லு வரலன்னா அம்மா கேப்பாங்க இல்ல?" கண்ணைத் துடைத்தார். "அவன் கூட இருந்தவதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டா. அவளோட ஊருப் பக்கம் ஒரு அணை, ஏரி. லீவு விட்டா ரெண்டு பேரும் அங்கதான் போவாங்களாம். சாம்பலை அங்கதான் விட்டோம். அப்ப அவ சொன்னா, ஒரு நீலக் கல்லு, ரொம்ப ரேர், உலகத்துலயே முதல்ல இங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு. எனக்கு அப்பவே தோணிடுச்சு. இந்தக் கல்லுதான் அம்மாகிட்டப் போகணும்னு. ஆன்லைன்ல தேடி, இருக்கிறதுலயே அழகானதா வாங்கினேன். பேரு ஒண்ணுதானே? எங்கேர்ந்து வந்தா என்ன?"

நான் தலையாட்டினேன்.

"பேப்பர்ல அந்த இடத்தை அடிச்சேன். வாயால சொல்ல முடியல. எழுதியாவது குடுத்துடலாம்னு. அம்மா கல்லை அது மேல வைப்பாங்க இல்ல? அவன் எங்க இருக்கான்னு தெரியாமலேயே தினமும் பார்த்துக்கிட்டு இருப்பாங்கன்னு." மூக்கை உறிஞ்சினார். "பைத்தியக்காரத்தனம்தான். அம்மாவுக்குத் தெரியாதுதானே அண்ணே? எதையுமே விட மாட்டாங்க. இதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்கல."

வாக்குக் கொடுத்திருந்தேன். பொய்யும் சொல்லக் கூடாது. யோசித்து, "அந்தக் கல்லைத்தான் அவங்க எல்லாத்துக்கும் முன்னால வச்சிருந்தாங்க" என்றேன்.

"ஆமா" என்றார். "அது எனக்குப் போதும்."

வெள்ளிக்கிழமை கண்ணாடி தயாராகும் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு டின்னைத் திறந்து தாளை எடுத்தேன். கல்லுக்கு அது பொய். அக்கா அதைப் பொய்யென்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தத் தாளைக் கண்ணெடுத்துப் பார்த்திருக்கமாட்டார். அவர் கேட்க முடியாமல் தவித்த கேள்விக்கான பதில், சின்ன இடம் முதலில், பெரிய இடம் பின்னால் என்று அவருடைய வரிசையிலேயே, இரண்டு வருடமாக அவர் கூடத்தில் அந்தக் கல்லுக்கு அடியில் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. முதல் வேலையாக, கடையைத் திறப்பதற்கு முன், ரயிலும் பஸ்ஸும் மாறி மண்டாய்க்குப் போனேன். புளோக், மாடி, நம்பர் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன, தேட வேண்டியிருக்கவில்லை. மாடத்தின் முன் டின்னைத் திறந்து, தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

"எங்கேன்னு கேட்டீங்களே அக்கா. உங்க பையன் கூட இருந்த பொண்ணுக்கும் அந்தப் பக்கம்தான் ஊராம். ஒவைஹீ அணை. மல்ஹியூர் கவுன்டி. ஓரிகன். அமெரிக்கா."